ஆறாவது நோன்பன்று வந்த சோறு

ஐஸ் ஆலையில் வேலை பார்க்கிறவன் தாகமாக இருக்கிறது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். காலடியில் தண்ணீர், தலைக்கு மேலே குழாயில் தண்ணீர், தகரக் கேனுக்குள் கல்லாகி நிற்பதும் தண்ணீர்தான். அதற்கெல்லாம் நடுவில் உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றுகொண்டிருந்தார் கொக்கிக்காரர்.

கொக்கிக்காரர் என்றால் வேறொன்றுமில்லை. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்த கேன்களில் தண்ணீர் உறைந்ததும், சங்கிலி போட்டுத் தூக்கி, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதை இரும்புக் கொக்கியால் குத்தி இழுத்து, பலகைச் சரிவில் விட்டு, உடைக்கிற மெஷினுக்கு அனுப்ப வேண்டும். காலை முதல் சாயந்தரம் வரை அவருக்கு அதுதான் வேலை. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு உள்ளங்கை முழுக்க வெடிப்பு. வெடிப்பில் உப்பு இறங்கினால் உயிர் போகும். அவருக்கு அதெல்லாம் பழகிப் போய்விட்டது.

நோன்பு மாதம் முடிந்து பெருநாளும் போய்விட்டது. ஆலையில் அவரோடு நோன்பு வைத்த லாரி ஆட்கள் எல்லாம் பழையபடி டீயும் பீடியுமாகத் திரிந்தார்கள். கொக்கிக்காரர் மட்டும் விடவில்லை. பெருநாளுக்குப் பிறகு வைக்கிற ஆறு நோன்பைப் பிடித்துக்கொண்டார். கடமையில்லை, வைத்தால் நன்மை, வைக்காவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அப்படிப்பட்ட நோன்பு. அதையும் யாருக்கும் தெரியாமல் வைத்தார். வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், விடியற்காலையில் எழுந்து சோறு போடுகிறவளிடம் எப்படி மறைப்பது?

"ஊருக்குத் தெரிஞ்சா என்னவாம்? நீங்க என்ன திருட்டா பண்றீங்க?" என்று முதல் நாளே கேட்டாள் அவள்.

"வெளிய தெரிஞ்சா தேஞ்சு போயிடும். இது எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல உள்ளது. நீ குறுக்க வராதே."

"குறுக்க வந்துதானே சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். அப்புறம் கேட்கவில்லை. எதற்காக என்று அவளுக்குத் தெரியும்.

தம்பிக்காகத்தான்.

அவர்களுடைய அம்மா கண்ணை மூடி மவுத்தானபோது தம்பி லாரியோடு வெகு தூரத்தில் இருந்தான். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். முகத்தை மட்டும் ஒரு தடவை பாத்துக்கறேன். அண்ணே, எனக்காக வச்சிரு" என்று போனில் அழுதான். பள்ளிவாசலில் பெரியவர்கள், மய்யித்தை வைத்துக்கொண்டு தாமதிக்கக் கூடாது, மார்க்கத்தில் இல்லை என்றார்கள். கொக்கிக்காரர் தலையை ஆட்டிவிட்டார். மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்லும்போது ஐஸ் இழுக்கிறவன் என்ன பேசுவது? பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் அடக்கினார்கள். குழியை மூடி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது வெளியே லாரி வந்து நின்றது.

தம்பி அன்றைக்கு அடிக்கவில்லை, திட்டவில்லை. ஈர மண்ணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு இருந்தான். எழுந்து போகும்போது, "இனி உன் வீட்டுச் சோறு எனக்கு ஹராம். என் வீட்டுச் சோறு உனக்கு ஹராம்" என்றான். அவ்வளவுதான். அதோடு வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். வருஷங்கள் ஓடிவிட்டன.

நோன்பு திறக்கிற நேரத்தில் கேட்கிற துஆ திரும்பி வராது என்று இமாம் சொல்லக் கேட்டிருக்கிறார். நோன்பு மாதம் முழுக்க அந்த நேரத்தில் தம்பி திரும்பப் பேச வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பெருநாளன்று தம்பி தொழுகையில் முன் வரிசையில் நின்றான், முடிந்ததும் எல்லோரையும் கட்டிப் பிடித்தான், இவரைத் தாண்டிப் போனான். அன்றிரவு கொக்கிக்காரர் தன் புத்திக்கு எட்டியபடி ஒரு கணக்குப் போட்டார். அந்த மாதத்தில் உலகமே நோன்பு வைத்துக் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் கூட்டம் முண்டும்போது டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சீட்டைக் கொடுத்து அனுப்புவாரே, அந்த மாதிரி ஆகியிருக்கும் தன் கதை. கூட்டமில்லாத நாளில் போனால் உட்கார வைத்து விசாரிப்பார். யாரும் வைக்காத நாளில், ஒரு ஆளுக்கும் தெரியாமல் வைத்துக் கேட்டால்?

இந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள்.

மறைப்பது லேசாக இல்லை. ஆலையில் கம்ப்ரஸர் ஓட்டுகிற மெஷின்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர், வாய்தான் நிற்காது. கம்ப்ரஸர் இரைச்சலில் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர், சாதாரணமாகப் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும்.

"என்னய்யா கொக்கி, ஒரு மாசம் பட்டினி கிடந்து வயிறு ஒட்டிப் போச்சா? இந்தா, டீயைப் பிடி."

"வேணாம்யா. வயித்துல எரிச்சல்."

"ஐஸ்ல நிக்கிறவனுக்கு எரிச்சலா! அப்ப பாய்லர்ல நிக்கிறவனுக்குக் குளிருமா? உன் சோத்து டப்பா மட்டும் தினம் காலியாகுதே, அதுக்கு எரியலையா?"

டப்பா விஷயம் கொக்கிக்காரரே செய்த ஏற்பாடு. டப்பா இல்லாமல் வந்தால் சந்தேகம் வரும் என்று தினமும் சோறு கட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் கழிவறைக்குப் பின்னால் கொண்டுபோய், முற்றம் கூட்டுகிற அக்காவிடம் கொடுத்தார். அவள் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிடுவாள். முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்: "யாரு கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாதுக்கா. என் மேல ஆணை."

"சோறும் போட்டு வாய்ப் பூட்டும் போடுறியேப்பா" என்று சிரித்தாள் அவள். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஐந்து நோன்பு இப்படி ஓடியது. ஆறாவது நாள் மத்தியானம், வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மீன் லாரிதான் என்று கொக்கிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கேனுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பாளம்பா?" என்று மெஷின்காரர் கத்தினார்.

"ஐஸ் வேணாங்க. எங்க அண்ணனைப் பாக்கணும்."

கம்ப்ரஸர் அந்தப் போடு போட்டுக்கொண்டிருந்தும் அந்தச் சொல் மட்டும் கொக்கிக்காரர் காதில் நேராக வந்து விழுந்தது. சங்கிலி கையை விட்டு நழுவியது. திரும்பினார். பலகைச் சரிவுக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றுகொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கையில் அடுக்குச் சட்டி.

"வா தம்பி" என்றார்.

தம்பி ஈரத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துப் பேசினான். "நாளைக்குக் காலைல கிளம்புறோம். வீட்டைக் காலி பண்ணியாச்சு. லாரியையும் ஒருத்தர் பேசியிருக்காரு, இன்னைக்கு ராத்திரி வந்து எடுத்துக்குவாரு. என் வீட்டுக்காரியோட அண்ணன் ஊர்ல ஒரு குடோன்ல வேலை. பிள்ளைங்க படிப்பும் அங்கதான். இனி இந்தப் பக்கம் வரதுக்கில்ல."

"நல்லதுப்பா. நல்லா இருங்க."

"அவதான் நச்சரிச்சிக்கிட்டே இருந்தா. போறதுக்கு முன்னாடி ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டுட்டு வாங்கன்னு." கவிழ்ந்து கிடந்த ஒரு கேன்மேல் அடுக்குச் சட்டியை வைத்தான். "அவ சொன்னதும்தான். எனக்கும் தோணுச்சு." அடுக்கைப் பிரித்தான். சோறு, முட்டை போட்ட கறி. ஆவி எழுந்து ஐஸ் குளிரில் கரைந்தது. "உக்காருண்ணே. கையைக் கழுவிக்கிட்டு வா."

கொக்கிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

மனசுக்குள் ஒரு ஓட்டம் ஓடியது. வைத்த நோன்பை வேண்டுமென்றே முறித்தால் அதற்குப் பதிலாக அறுபது நோன்பு தொடர்ந்து வைக்க வேண்டும் என்று சின்ன வயசில் கேட்டிருந்தார். அது எந்த நோன்புக்கு என்று கேட்டுக்கொண்டதில்லை. நோன்பு என்றால் நோன்புதானே என்றிருந்தார். அதையாவது வைத்துத் தொலைக்கலாம். இன்றைக்கு ஆறாவது. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டால் முழுசாகிவிடும், கையேந்திக் கேட்கலாம். பாதியில் முறித்துவிட்டு, வாயையும் திறந்து சொல்லிவிட்டால் என்ன ஆகும்? வந்து நிற்கிற தம்பி நாளைக்கு வேறு ஏதாவது காரணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால்? கேட்டதைக் கெட்டியாகக் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று நினைத்தார். கேட்டதுதான் அடுக்குச் சட்டியோடு எதிரில் வந்து நிற்கிறது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

"நீ சாப்பிடு தம்பி. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"நான் மட்டும் சாப்பிடவா இவ்வளவு தூரம் வந்தேன்? நீயும் உக்காரு."

"எனக்கு வயிறு சரியில்லப்பா."

தம்பி ஏறிட்டுப் பார்த்தான். "ரெண்டு வாய். பேருக்கு. போதும்."

"ஒண்ணும் இறங்காது தம்பி. தப்பா நினைக்காதே."

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் பேசினார், பாவம். "ஆமாம்பா, பெருநாள்லேர்ந்து உங்க அண்ணனுக்கு டீகூட இறங்க மாட்டேங்குது. ஆனா டப்பா மட்டும் பளபளன்னு கழுவி இருக்கும்! அண்ணி சோறுன்னா வயிறு வாலை ஆட்டும் போல!" என்று சொல்லி அவரே சிரித்தார்.

தம்பியின் கண் அலமாரிக்குப் போனது. டப்பா கவிழ்ந்திருந்தது. அடியில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. போய் அதைக் கையில் எடுத்தான். மோந்து பார்த்தான்.

"இப்பத்தான் சாப்பிட்டிருக்கே."

"இல்ல தம்பி..."

"வெங்காய வாசனைகூடப் போகலை."

முற்றத்து ஓரத்தில் விளக்குமாற்றோடு நின்ற அக்கா பதறிப் போனாள். "ஏம்ப்பா, அந்த டப்பாவை வந்து..." என்று வாயைத் திறந்தாள். கொக்கிக்காரர் அவளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். ஆணை வைத்தவர் பார்க்கிற பார்வை. அவள் சொல்லை விழுங்கிக்கொண்டு குனிந்து, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

"வச்சிட்டுப் போ தம்பி" என்றார் கொக்கிக்காரர். குரல் கெஞ்சியது. "சாயந்தரம் கண்டிப்பா சாப்பிடுறேன். ஒரு பருக்கை விட மாட்டேன்."

"சாயந்தரம் வயிறு சரியாயிடுமா?" தம்பி கோபப்படாமல்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "நான் சொன்ன சொல்லை நானே முழுங்கிட்டு வந்திருக்கேன். வாசல்ல லாரியை நிறுத்திட்டு இறங்கத் தோணாம எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? ஹராம்னு சொன்னவன் நான். நீ அதைப் பிடிச்சுக்கிட்டே. சரி."

அடுக்கைத் திரும்ப அடுக்கினான். அவசரத்தில் கொண்டி மாட்டவில்லை. மாட்டாமலே தூக்கிக்கொண்டு நடந்தான். கறி ஒழுகிச் சட்டையில் பட்டதைக் கவனிக்கவில்லை. கொக்கிக்காரர் வாசல் வரை ஓடினார். லாரி திரும்பிவிட்டிருந்தது.

உள்ளே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஒரு சொல்லு சொல்லியிருந்தா தீர்ந்திருக்குமே! என் வாயையும் கட்டிப் போட்டுட்டியே, பாவி."

"சாயந்தரம் போய்ச் சொல்லிடுவேன்கா. தம்பிதானே."

"சாயந்தரம், சாயந்தரம்! உனக்கு எல்லாம் சாயந்தரம்தான்" என்று விளக்குமாற்றைத் தரையில் அடித்தாள்.

அப்போதே போயிருக்கலாம். ஆனால் மீன் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. கொக்கி பிடிக்க வேறு ஆள் இல்லை. பாளத்தை இழுத்தார், விட்டார், இழுத்தார். மெஷின் நொறுக்கித் தள்ளியது. சாயந்தரம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து நோன்பு திறந்தார். ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர். கையேந்தினார். கேட்டார். ஒரு மாதமும் ஐந்து நாளும் கேட்ட அதே சொற்கள். இன்றைக்கு அவை வாயில் சக்கையாக இருந்தன. தொழுதுவிட்டு, மனசு கேளாமல் இமாமிடம் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார்.

இமாம் சின்ன வயசுக்காரர். கேட்கக் கேட்க முகம் மாறியது. "சுன்னத்தான நோன்புதானே? முறிச்சிருக்கலாமே. அது நம்ம கையில உள்ள விஷயம். இருந்தாலும் இருக்கலாம், விட்டாலும் விடலாம். வந்தவர் மனசு நோகும்னா விட்டுட்டு, வேற ஒரு நாள் வச்சுக்க வேண்டியதுதான்."

"அறுபது நோன்பு...?"

"அது நோன்பு மாசத்துக்கு. அதுவும் எல்லாத்துக்கும் இல்ல." தயங்கினார். "முறிக்க வேணாம்னாலும், நோன்பா இருக்கேன்னு சொல்லலாமே. சொல்றதுல ஒரு தப்பும் இல்லையே."

"தப்பு இல்லையா?"

"தப்பே இல்ல."

கொக்கிக்காரர் தலையை ஆட்டினார். அம்மாவின் அடக்கத்தன்று இதே வளாகத்தில் நின்று ஆட்டியது போலவே ஆட்டிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார்.

தம்பி வீட்டு வாசலில் கட்டில் செங்குத்தாக நின்றது. உள்ளே பாய், மூட்டை, அட்டைப் பெட்டிகள். சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தம்பி கயிறு முடிந்துகொண்டிருந்தான். தம்பி மனைவி இவரைப் பார்த்ததும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "வாங்க மச்சான்" என்றாள். ஒரு மூட்டையைத் தள்ளி இடம் பண்ணினாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். நோன்பை, டப்பாவை, அக்காவுக்கு வைத்த ஆணையை. எதற்காக வைத்தார் என்பதையும் சொன்னார். "உனக்காகத்தான் தம்பி. நீ பேசணும்னுதான்."

தம்பி முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"நம்புறேன்" என்றான். "நீ பொய் சொல்ல மாட்டே. அது எனக்குத் தெரியும்."

கொக்கிக்காரருக்கு மூச்சு வந்தது.

"ஆனா பாருண்ணே. அன்னைக்கு அம்மா விஷயத்துல எனக்காகப் பொறுத்திருன்னு கேட்டேன். மார்க்கம்னு சொன்னே. இன்னைக்கு எனக்காக ரெண்டு வாய்னு கேட்டேன். இன்னைக்கும் மார்க்கம்ங்கிற. எனக்காக அல்லாஹ்கிட்ட ஆறு நாள் நின்னிருக்கே. நான் எதிர்ல நிக்கிறேன், என்கிட்ட நிக்கல. எப்பவும் எனக்கும் உனக்கும் நடுவுல ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கு." கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டினான். "உன் மேல கோபம் இல்ல. மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

"முறிக்கலாம்னு எனக்குத் தெரியாது தம்பி. இப்பத்தான் இமாம் சொன்னாரு."

"உனக்கு எப்பவும் யாராவது சொல்லணும்" என்றான் தம்பி. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "பசியோட இருப்பாரு. மத்தியானச் சோறு இருக்குல்ல, போடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். லாரிக் கதவு திறந்து மூடியது.

அவள் ஒரு தட்டை எடுத்து வந்து வைத்தாள். ஆறிய சோறு. முட்டை ஒன்று பாதியாக உடைந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னதே போதும். உட்கார்ந்தார். கையின் வெடிப்பில் கறி பட்டு எரிந்தது. வெறும் வயிறு, அது பாட்டுக்கு வாங்கிக்கொண்டது. பசி இருந்தது என்பதே அவருக்கு அவமானமாக இருந்தது.

"அவருக்கு ஆறட்டும் மச்சான்" என்றாள் அவள் மெதுவாக. "அங்க போனப்புறம் நான் பேசச் சொல்றேன்."

"பேசுவானா?"

அவள் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள்.

"போதும்மா."

ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டார். வெளியே லாரியில் விளக்கு எரியவில்லை. தம்பி இருட்டில் உட்கார்ந்திருந்தானா, கண்ணை மூடிப் படுத்திருந்தானா, தெரியவில்லை. அவர் எழுந்து கையைக் கழுவினார். அவள் தட்டை வாங்கிக் கழுவி, சேலைத் தலைப்பால் ஈரம் போகத் துடைத்து, திறந்திருந்த கடைசிப் பெட்டியில் மற்ற தட்டுகளின் மேல் வைத்து, நாடாவை இழுத்து ஒட்டினாள்.